இடைச்சுவர் இருந்த இடம்

மருந்துக்கடைக்காரர் என்னை அழைத்தது ஒரு கையெழுத்துக்காக. மாடியில் ஒற்றை அறைதான் இருக்கிறது, குழந்தை பிறக்கப்போகிறது, பக்கத்திலேயே இன்னோர் அறை எடுக்க வேண்டும். பழைய வீடு அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி கிடைக்கும். “சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போட்டுக் குடுத்துடுங்க மேடம்” என்றார் போனில்.

எல்லோரும் அந்தச் ‘சும்மா’வில்தான் ஆரம்பிப்பார்கள்.

நான் போனது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மழை கட்டி நின்றது. தெருவில் வெளிச்சம் அரிசி களைந்த தண்ணீர் போல் கலங்கிக் கிடந்தது. கொத்தனார் எனக்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சாந்து குழைக்கும்போதும் சாப்பிடும்போதும் ஏணி உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் வாய் ஓயாது.

“வாங்க மேடம். வீடு நம்ம மச்சான் மாதிரி. உள்ள ஒண்ணும் இல்ல, வெளிய மீசை மட்டும் முறுக்கா நிக்குது.”

“உள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்க எப்பப் பாத்தீங்க?”

“மச்சானையா, வீட்டையா?”

மருந்துக்கடைக்காரர் வந்து கதவைத் திறந்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனோம். கதவைத் தாண்டியதும் நீளமும் அகலமுமாக ஒரு ஹால். ஈரச் சுண்ணாம்பு வாடை, பழைய மரத்தின் வாடை. இவற்றுக்கு அடியில் இன்னொன்று. மூட்டை தூக்கி இறக்கியவர் பக்கத்தில் வந்து நின்றால் அடிக்குமே, அந்த வியர்வை வாடை. ஹாலில் எங்கள் மூவரைத் தவிர ஒருவரும் இல்லை. ரேடியோ இன்னும் வேலையே தொடங்கவில்லை.

நான் முதலில் தரையைப் பார்ப்பேன், பிறகுதான் கூரையை. தரையில் ஹாலின் நடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, நிறம் மாறிய பட்டை ஒன்று ஓடியது. ஒரு சுவரின் கனம் அதன் அகலம்.

“இங்க ஒரு இடைச்சுவர் இருந்திருக்கு” என்றேன்.

“நான் வாங்கறப்பவே இல்லீங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். “பழைய வீட்டுக்காரர் எடுத்துட்டாரு. ஹால் பெருசா வேணும்னு.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சாரம் போடச் சொல்லி ஏறினேன். கூரைப் பூச்சை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். உள்ளே உத்திரக் கட்டைகள் தெரிந்தன. இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு வரிசை, வலப்பக்கச் சுவரிலிருந்து ஒரு வரிசை. இரண்டும் நடுவில் வந்து முடிந்தன. இடைச்சுவர் இருந்தவரை அதன் தலையில் உட்கார்ந்திருந்த முனைகள் அவை. இப்போது அவற்றுக்குக் கீழே காற்று.

இரும்பு உத்திரம் இல்லை. மரத்தூண் இல்லை. ஒரு ஆணிகூட இல்லை. அந்த முனைகளின் மேல்தான் மாடி அறையின் தரையும் சுவரும் நிற்கின்றன.

இப்படி ஒரு கூரை ஒரு நாள்கூட நிற்காது. பாரம் காணாமல் போவதில்லை. ஒன்று விட்டால் இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும். என் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். தூசியும் ஒட்டடையும் அப்பிய அந்தக் கட்டைகளின் அடியில் இரண்டு இடங்கள் மட்டும் பளபளத்தன. பஸ் கம்பியைப் பலரும் பிடித்துப் பிடித்து வருமே, அந்த மினுமினுப்பு. இரண்டுக்கும் இடையே ஒரு ஆளின் தோளகலம்.

“மாடில யாரு இருக்காங்க?” என்று கேட்டேன்.

“என் வீட்டுக்காரிதாங்க. டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டார். குழந்தை கீழ இறங்கியிருக்காம். பிரசவம் வரைக்கும் படுக்கைதான்.”

“கட்டில் எந்த இடத்துல?”

அவர் கையை உயர்த்திக் காட்டினார். பளபளத்த இரண்டு இடங்களுக்கும் நேர் மேலே.

நான் மாடிக்குப் போனபோது சுவரோரமாகவே நடந்தேன். அந்தப் பெண் தலையணையில் சாய்ந்தபடி குழந்தைக்கு ஒரு குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்திருந்தது. நான் சொல்லவந்ததை நிதானமாகக் கேட்டாள்.

“கீழ ஒண்ணுமே இல்லன்னா சொல்றீங்க?” என்றாள். “அப்ப யாரு மூச்சு வாங்கறது?”

“என்னம்மா?”

“நான் ஒருக்களிச்சுப் படுத்தா கீழ ‘ம்’முன்னு ஒரு சத்தம் வரும். கனமான சாமானை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தறப்ப வருமே, அது மாதிரி. மாசம் ஏற ஏற அதுக்கும் மூச்சு ஜாஸ்தியா வாங்குது. பாவமா இருக்கும். அதனால நான் ரொம்பப் புரள்றதில்ல.”

பின்னல் ஊசி நிற்கவில்லை. நான் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றேன்.

அவளை உடனே கீழே கொண்டுவர வேண்டும். ஆனால் நாற்காலியோடு தூக்க நான்கு ஆட்கள் வேண்டும், அந்த நான்கு பேரின் எடையும் அந்தத் தரையில்தான் ஏறும். முதலில் கட்டைகளுக்கு முட்டு. பிறகு அவள். இறங்கி வந்து ரேடியோவிடம் சொன்னேன். கனத்த பலகை ஒன்றை இரண்டு வரிசை முனைகளுக்கும் அடியில், பழைய சுவர் ஓடிய கோட்டிலேயே வைத்து, அதன் கீழ் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தினோம். ரேடியோ அவற்றைத் திருகத் திருகப் பலகை மேலே ஏறியது.

கட்டையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

ஓர் உள்ளங்கைக் கனம்தான் இடைவெளி.

“இன்னும் ஒரு திருகு” என்றேன் சாரத்தின் மேலிருந்து. திருகினார். பலகை ஏறியது. இடைவெளி அப்படியே இருந்தது. இன்னொரு திருகு. அப்படியே.

“மேடம், சாமி சத்தியமா ஜாக்கி ஏறுது.”

“பாக்கறேன். ஏறுது.”

“பின்ன ஏன் முட்டல?”

கூரையோரம் நூல் பிடித்துப் பார்த்தேன். கட்டைகள் மேலே போயிருந்தன. பலகை ஏற ஏற, மாடித் தளமே மெல்லத் தூக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

மாடியிலிருந்து அவள் குரல் வந்தது. “என்னங்க, கட்டில் ஏறுது.”

ரேடியோ திருகைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர் சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே என்னிடம் கிசுகிசுத்தார். “ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன் மேடம். சொன்னா கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு. அந்தச் சுவரை எடுத்தப்ப முட்டே குடுக்கலையாம். கட்டை இறங்கியிருக்கு. சாரத்துல நின்ன ஒரு ஆள் ரெண்டு கையாலயும் தாங்கிட்டு, மத்தவங்களை ஓடச் சொன்னாராம். எல்லாரும் ஓடிட்டாங்க.”

“அப்புறம்?”

“கூரை விழல. திரும்பி வந்து பாத்தா ஆள் நின்னபடியே போயிட்டாராம். கை மேலயே இருந்துச்சாம். மடக்க முடியலையாம்.”

“முட்டுக் குடுத்தாங்களா அதுக்கப்புறம்?”

“அதான் விழலையேன்னு...” என்று இழுத்தார்.

மேலே சுவரில் ‘படக்’கென்று ஒரு சத்தம். சுண்ணாம்புத் தூள் என் முகத்தில் கொட்டியது. தளம் இதற்கு மேல் ஏறினால் மாடிச் சுவர் பிளந்து கட்டிலின் மேல் சாயும். ஜாக்கியை இறக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் கேட்டது.

மூச்சு.

கீழேயிருந்து வரவில்லை. சாரத்தின் மேல், என் காதுக்குப் பக்கத்தில், என் உயரத்தில் நின்ற ஒருவரின் மூச்சு. இழுத்து, அடக்கி, பல்லைக் கடித்து விடும் மூச்சு. அந்த வியர்வை வாடை முகத்தில் அறைந்தது.

ஓடத்தான் தோன்றியது. மற்றவர்களை ஓடவிட்டுத்தான் அவர் நின்றார் என்பதும் அதே நேரத்தில் தோன்றியது.

பாரம் தூக்குகிறவர்களை நான் வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன். மாற்று ஆள் கை கொடுக்க வந்தால், சுமப்பவர் இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பார். அடுத்தவர் கையை நுழைக்க இடம் வேண்டுமே. நாங்கள் பலகையை ஏற்ற ஏற்ற, அவரும் தூக்கித் தூக்கி இடம் கொடுக்கிறார். நான் அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

“ஜாக்கியைத் தொடாதீங்க” என்றேன். ரேடியோ கையை எடுத்தார்.

என் இரண்டு உள்ளங்கைகளையும் பலகையின் அடியில் கொடுத்தேன்.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. மழை இன்னும் தொடங்கவில்லை.

பிறகு காதருகில், பயன்படுத்தி வெகு நாளான ஒரு தொண்டையிலிருந்து, ஒரே ஒரு வார்த்தை.

“பிடிச்சாச்சா?”

ரேடியோ கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் மனைவியின் பெயரை முணுமுணுத்தபடி மாடிப்படியைப் பார்த்து நின்றார். ஏறவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல்.

ஜாக்கிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அடிப்பலகை, திருகு, குழாயைப் பூட்டும் ஊசி. எல்லாம் சரி. சரியில்லை என்றால் முதலில் நசுங்குவது என் கை.

“பிடிச்சாச்சு” என்றேன். “மெதுவா விடுங்கண்ணே.”

இடைவெளி மூடியது.

வீடு முழுவதும் ஒரு முனகல் ஓடியது. ஜாக்கிகள் ‘கிர்’ரென்று பாரத்தை வாங்கின. பலகை என் உள்ளங்கையில் ஒரு மயிரிழை இறங்கி, உறுதியாக நின்றது. என் காதருகில் இருந்த மூச்சு நீளமாக வெளியே போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு இல்லை. மழை கொட்டத் தொடங்கியது.

அன்றே அவளை நாற்காலியில் வைத்து இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரும்பு உத்திரம் வந்தது. இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, அதன் மேல் ஏற்றி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். நான் கணக்குப் போட்ட அளவுக்கு உத்திரம் வளைந்தது, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. பாரம் முழுவதும் இரும்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஹாலில் சுண்ணாம்பு வாடை மட்டும்தான் இருந்தது. மாடியில் இன்னோர் அறை வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரரே சொல்லிவிட்டார். ரேடியோ இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் பேசினார்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

சில மாதம் கழித்துத் தலைவலி மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் குழந்தையோடு கடையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நல்லா வந்தீங்க மேடம். இவரு பயந்து சாகறாரு. நீங்களே பாருங்க.”

குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. கை, கால் மடிப்பு மடிப்பாக.

“தூக்கினா கனமே இல்லீங்க” என்றாள். “பஞ்சு மாதிரி கூட இல்ல. ஒண்ணுமே இல்லாத மாதிரி.”

மருந்துக்கடைக்காரர் குழந்தைகளை நிறுக்கும் தட்டைத் துடைத்து, மருந்துப் பெட்டி ஒன்றை வைத்தார். முள் சரியாக ஓடியது. பெட்டியை எடுத்துவிட்டுக் குழந்தையைப் படுக்க வைத்தார்.

முள் அசையவில்லை.

“மெஷின் ரிப்பேருன்னு சொல்லுங்க மேடம்” என்றார். குரல் கெஞ்சியது. “நீங்க சொன்னா நம்பறேன்.”

நான் குனிந்து பார்த்தேன். குழந்தையின் முதுகுக்கும் தட்டுக்கும் நடுவே, வெளிச்சம் கடந்து வந்தது.

“போதும், பிள்ளைக்குக் குளிரும்” என்று தாய் கையை நீட்டினாள். கிடக்கும் பிள்ளையை வாரி எடுப்பது போல் இல்லை அது. இன்னொருவர் கையிலிருந்து வாங்குவது போல் இருந்தது. குழந்தை உடனே வரவில்லை. அவள் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.