நின்ற இன்ஜின்... நிற்காத சத்தம்!

செல்போன் அலறியது.

சின்மயி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு எடுத்தாள். திரையில் ஹில்டா மிஸ். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்.

"சின்மயி... வண்டியில ஒரு சத்தம் வருதும்மா."

"எப்படி மிஸ்?"

"யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுற மாதிரி..."

சின்மயி அடுப்பை அணைத்தாள்.

விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, அவை ஏன் நசுங்கின என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவள் வேலை. அந்த வண்டிகளும் முன்கூட்டியே தட்டிப் பார்த்தவைதான். யாரும் கதவைத் திறக்கவில்லை.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"செம்பாக்கம் ஏரிக்கரை. இங்க நாய்க்குட்டிங்க இருக்கே... அதுங்களுக்காக மெதுவா வந்தேன். அப்பதான் நல்லாக் கேட்டுச்சு."

"அங்கேயே நில்லுங்க. ஒரு அடிகூட நகராதீங்க."

அவள் கணவன் ராகவேந்திரா பாதித் தோசையோடு எழுந்தான். சனிக்கிழமை லீவு. ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு, தட்டை எங்கே வைப்பது என்று கேட்டான். சின்மயி அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி ஸ்கூட்டர் பறந்தது.

ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. மேகம் கவிந்திருந்தது. தண்ணீர் துருப்பிடித்த தகரம் போலக் கிடந்தது.

கரையோரம் அந்த வண்டி. கிரீம் கலர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அந்தக் காலத்து மெட்ராஸில் செய்த கார். ஹில்டாவின் மறைந்த கணவர் வேதசிரோமணி குழந்தை மாதிரி வளர்த்தது. பின்சீட்டு முழுக்க இட்லிப் பாத்திரங்கள். வண்டலூர் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் அங்கிருப்பவர்களுக்கு ஹில்டாவின் இட்லி.

அவர் காலடியில் மூன்று நாய்க்குட்டிகள், ஆளுக்கொரு இட்லியோடு.

"கிளம்பும்போதே லேசா கேட்டுச்சு. தம்பிகிட்ட சொன்னேன். டாப்பட் சத்தம், பழைய இன்ஜின்னா அப்படித்தான், தைரியமா போங்கன்னான்."

தம்பி எலியேசர். அக்கா வீட்டு மாடியில் மகள் ஹெப்சியோடு இருக்கிறான்.

"டாப்பட்னா?" ராகவேந்திரா கேட்டான்.

"இன்ஜினுக்குள்ள வால்வைத் தட்டுற பார்ட். கேப் அதிகமானா டக் டக்னு சத்தம் வரும். ஆளைக் கொல்லாது."

சின்மயி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். உறுமல் ஏறியது.

தட்டும் சத்தம் இல்லை!

"நம்மளைப் பார்த்ததும் வெட்கப்படுது போல," என்றான் ராகவேந்திரா.

சின்மயி சிரிக்கவில்லை. கியர் போட்டு நடை வேகத்தில் நகர்த்தினாள்.

டக்... டக்... டக்...

கரை மேட்டில் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கும் சரிவின் தலையில் நிறுத்தினாள். மற்ற இருவரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். சரிவில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

இன்ஜினை அணைத்தாள்.

பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள். வண்டி தானாக உருண்டது.

டக்... டக்... டக்... டக்...

இன்ஜின் செத்துவிட்டது. சத்தம் சாகவில்லை!

ராகவேந்திராவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "அப்போ... இன்ஜின் இல்லையா?"

"இல்ல. உருளுற ஏதோ ஒண்ணு."

அவள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். சத்தம் வந்த முன்பக்க இடது சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். நடுவில் வட்டமாகப் பளபளக்கும் வீல் கப். டிக்கியிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்பினாள்.

கப் கழன்றது. உள்ளேயிருந்து ஒரு நட் உருண்டு அவள் செருப்பருகே விழுந்தது.

மீதி மூன்று நட்டையும் தொட்டுப் பார்த்தாள். ஸ்பேனரே வேண்டாம். விரலிலேயே சுழன்றன.

"மிஸ்... ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரிக்கு நடுவுல போகும்போது இந்தச் சக்கரம் தனியா ஓடியிருக்கும்."

ஹில்டா கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. ஜெபம்.

"கடைசியா வண்டியைத் தொட்டது யாரு?" ராகவேந்திரா கேட்டான்.

ஹில்டா தயங்கித் தயங்கிச் சொன்னார். பம்மல் மெக்கானிக் துரைராஜ். நேற்று மாலை சர்வீஸ் செய்து கொண்டுவந்து விட்டுப் போனான். ஜெயிலுக்குப் போய் வந்தவன். யாரும் வேலை தராதபோது, ஹில்டா தன் காரைத் தந்தார்.

"ஜெயிலுக்குப் போனவரா? அப்புறம் என்ன மேடம் யோசனை!"

"அவன் செய்ய மாட்டான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரியும்."

ராகவேந்திரா பெருமூச்சு விட்டான். ஆனால் சின்மயி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வீல் கப்பின் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

வேலை முடிந்ததும் துரைராஜ் நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைப்பானாம். சர்ச்சுக்குப் போகிற வண்டிக்கு இது எதற்கு என்று எலியேசர் முணுமுணுப்பானாம். துரைராஜ் அன்பாக வைக்கிறான், அதை அழிக்க மனசு வரவில்லை என்றார் ஹில்டா.

சின்மயி காரைச் சுற்றி ஓடினாள். ஒரு சக்கரம். இன்னொன்று. மூன்றாவது. ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தாள்.

மூன்றிலும் பொட்டு ஒரே இடத்தில். காற்று அடிக்கும் வால்வுக்கு நேராக!

முதலில் நெம்பிக் கழற்றிய கப்தான் நாலாவது; கழற்றும்போதே அவள் கண்ணில் பட்டிருந்தது. அதில் மட்டும் பொட்டு வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

துரைராஜுக்கு போன் போட்டாள். பொட்டை எந்த இடத்தில் வைப்பான் என்று மட்டும் கேட்டாள்.

"வால்வாண்டதாம்மா வெப்பேன். காத்து கீற எடத்துலதானே வண்டிக்கு உசுரு கீது. இன்னாம்மா, எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல அண்ணா. அப்புறம் பேசறேன்."

போனை அணைத்தாள். "துரைராஜ் பொட்டு வெச்சு அனுப்பினதுக்கு அப்புறம் யாரோ இந்தக் கப்பைக் கழட்டியிருக்காங்க. திருப்பி மாட்டும்போது பொட்டு இடம் மாறிடுச்சு. பொட்டைப் பத்திக் கவலைப்படாத ஆள்."

ஏரிக்காற்று நின்றுபோனது போல இருந்தது.

"மிஸ்... நேத்து சாயங்காலத்துலேர்ந்து வண்டி எங்க நின்னுச்சு?"

"போர்டிகோவுல." ஹில்டாவின் குரல் தேய்ந்தது. "கேட்டைப் பூட்டிட்டுத்தான் படுத்தேன்."

பூட்டிய கேட்டுக்கு உள்ளே மூன்றே பேர். ஹில்டா. ஹெப்சி. அப்புறம்...

ஹில்டாவின் போன் அடித்தது. திரையில், தம்பி. அவர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அக்கா, ஜி.எஸ்.டி. ரோடு ஏறிட்டீங்களா?"

எவ்வளவு அக்கறையான குரல்!

"இன்னும் இல்லப்பா."

"சீக்கிரம் போங்க. இட்லி ஆறிடும்."

போன் ஓய்ந்தது.

திங்கட்கிழமை ஹில்டா ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போகவிருந்தார். வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் சொந்தங்கள் பிளாட்பாரத்தில் படுக்கிறார்கள். அவர்கள் தங்குவதற்கு வீட்டை எழுதி வைக்கப்போகிறார். அது எலியேசருக்குத் தெரியும்.

நேராக ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றான் ராகவேந்திரா. ஹில்டா மறுத்தார்.

"சந்தேகத்துல ஒருத்தனைக் குத்தவாளி ஆக்கக் கூடாது. துரைராஜை நீங்க ஆக்கப் பார்த்தீங்களே, அந்த மாதிரி."

ராகவேந்திரா தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப அவர் வாயாலயே வரட்டும்," என்றாள் சின்மயி. "ஹெப்சி வண்டி கேட்டாள்னு போன வாரம் சொன்னீங்களே."

"ஆமா. இன்னிக்கு நடக்கற காலேஜ் ஃபேர்வெல்லுக்கு. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன், சின்மயி."

"ஒரு பொய்யும் வேண்டாம், மிஸ்."

டிக்கியில் இருந்த ஸ்பேனரால் நாலு நட்டையும் இறுக முடுக்கினாள். மற்ற சக்கரங்களையும் சோதித்தாள். பிறகு விபத்து வழக்குகளில் பழக்கமான சப்-இன்ஸ்பெக்டர் ஜோசலினுக்கு ஒரு போன்.

ஹெரால்ட் சத்தமே இல்லாமல் வீடு திரும்பியது.

மாடி பால்கனியில் நின்ற எலியேசர் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா... திரும்பிட்டீங்க?"

"நான் இன்னிக்குப் போகலப்பா. ஹெப்சி வண்டி கேட்டாளே, அவளுக்குக் கொடுக்கறேன்."

மாடியிலிருந்து ஹெப்சி துள்ளி இறங்கி வந்தாள். அத்தையின் கன்னத்தில் ஒரு முத்தம். சாவி கை மாறியது.

"அந்தச் சத்தம்?" எலியேசர் கேட்டான்.

சின்மயி அண்ணாந்து பார்த்தாள். "டாப்பட்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கிள்?"

ஹெப்சி இன்ஜினைக் கிளப்பினாள். வண்டி பின்வாங்கி கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. தாம்பரம் போகும் ரோட்டைப் பார்த்து நின்றது.

டம்ளர் விழுந்து உருண்டது.

எலியேசர் படிகளில் தாவி இறங்கினான். செருப்பில்லாத கால்களோடு தெருவில் ஓடி, காரின் குறுக்கே விழுந்தான்.

"ஹெப்சி! இறங்குடி! சக்கரம் கழண்டுடும்!"

ஹெப்சி இன்ஜினை அணைத்தாள்.

"சக்கரமா?" சின்மயி நிதானமாகக் கேட்டாள். "சக்கரத்தைப் பத்தி இங்க யாரும் பேசவே இல்லையே, அங்கிள்."

காரிலிருந்து இறங்கிய ஹெப்சி அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தபோது முகம் வெளுத்தது.

பக்கத்து வீட்டுச் சுவரோரம் காத்திருந்த ஜோசலின் முன்னால் வந்தாள்.

எலியேசர் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா வீட்டை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டால் மகளோடு எங்கே போவது என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றான். அழுதான்.

ஹில்டா அவன் எதிரே நின்றார். ஒரு கையால் ஹெப்சியை அணைத்திருந்தார்.

"கீழ் வீட்டைத்தான்டா அவங்களுக்குக் கொடுக்கறேன். மாடி ஹெப்சி பேருக்கு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

எலியேசர் நிமிரவே இல்லை. கொல்லத் துணிந்தது, தன் மகளுக்கென்று ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒன்றுக்காக!

ஒரு நாய்க்குட்டிக்கு வழிவிட மெதுவாகப் போனதால் ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒருவன் அன்பாக வைத்த பொட்டை அழிக்காததால் அவன் தப்பினான். கடவுள் பெரிய கதவுகளை இப்படிச் சின்னச் சாவிகளால்தான் திறக்கிறார்.

ஹில்டா பின்சீட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஜோசலினிடம் நீட்டினார். "காலையில சாப்பிட்டிருக்க மாட்டான். ஸ்டேஷன்ல கொடுங்க."

தெருமுனையில் நின்ற போலீஸ் ஜீப் கிளம்பி அருகே வந்தது.

டக்... டக்... டக்...

ஏறப்போன எலியேசர் சட்டென்று நின்றான். கண்கள் ஜீப்பின் சக்கரங்களுக்குப் போயின.

ஜோசலின் அவன் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாம ஏறுங்க சார். எங்களுது நிஜமாவே டாப்பட் சத்தம்தான்!"