எட்டு விநாடி

போன் அலறியது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எடுத்தான் அவன். கண்காணிப்பு இலாகாவில் ஒட்டுக்கேட்பவன், வயது இருபத்தெட்டு. ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் அரசாங்கம் மைக் பதித்திருந்தது. எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும், அந்த வீடு இந்த மாடியிலிருக்கும் நாற்பது நாற்காலிகளில் ஏதோ ஒன்றின் காதுக்குத் தானாக வந்து சேரும்.

பேசியது கீழ்த்தளத்துப் பதிவறை அக்கா.

"தம்பி... நீ கேட்டது கெடச்சிருச்சு. சாப்பாட்டு நேரத்துல வா. வராம இருந்தா இன்னும் நல்லது."

போனான்.

பேன்ட் பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர்!

மூன்று மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

அரை மணிக்குள் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். கூப்பிட்டிருப்பாளே என்றான் இவன். கூப்பிட்டாலும் யார் காதில் விழுந்திருக்கும் என்றார் அவர்.

விழுந்திருக்கிறது...

அது இவனுக்குத் தெரியும். மாடியில் எவனோ ஒருவன் கேட்டிருக்கிறான். சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஆம்புலன்ஸ் பறந்திருக்கும். அவன் அழுத்தவில்லை.

அந்த எவனோவுக்காகத்தான் ஸ்க்ரூடிரைவர்.

பதிவறையில் இரும்பு அலமாரிகள். அக்கா கதவைச் சாத்தினாள்.

"பாக்கெட்டுல இருக்கறத மேஜை மேல வை."

"எப்படித் தெரியும்?"

"உன் வீட்டு மைக் இன்னும் ஓடுது தம்பி. தூக்கத்துல நீ பொலம்பற திட்டமெல்லாம் இங்கதான் வருது."

வைத்தான்.

அக்கா பொத்தானைத் தட்டினாள்.

"ஏங்க..."

அவள் குரலேதான். துண்டை மறந்துவிட்டுக் குளிக்கப் போனால் இப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஏங்க... எந்திரிக்க முடியல... வாங்களேன்..."

அவன் ஆபீசில் இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பதினோரு நிமிடம் கூப்பிட்டாள். பிறகு குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

"கேட்டவன் யாரு அக்கா?"

யார் வீடு என்று தெரியக்கூடாதென்று மெஷின் எல்லாப் பெண்களையும் ஒரே தட்டைக் குரலாக்கித்தானே மாடிக்கு அனுப்புகிறது, அசல் குரல் பதிவறையில் மட்டும்தானே என்றாள் அக்கா. அது அவனுக்கும் தெரியும்.

"குரல்தானே மாறும்? முடியலன்னு சொல்றா. அதுகூடவா புரியல அவனுக்கு?"

"அதுவரைக்கும் அவன் கேக்கல. எட்டே விநாடி. மொத 'ஏங்க'வோட அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்."

மாடியில் அது வழக்கம். ஒருத்தி 'ஏங்க' என்றால் புருஷன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்று கணக்கு. 'வீட்டு விஷயம்' என்ற பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தட்டிய வீடு அன்று மறுபடி யார் காதுக்கும் வராது. ஒரு நாளைக்கு நூறு 'ஏங்க' வரும். அவனும் தட்டியிருக்கிறான்.

"பேரைச் சொல்லுக்கா."

"கேக்கறவன் ஒழுங்கா கேக்கறானான்னு உங்களையும் பதிவு பண்றாங்க. அதுல குரல மாத்த மாட்டாங்க." அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காந்துக்க."

அவன் உட்காரவில்லை.

இரண்டாவது பதிவு ஓடியது. அதே செவ்வாய்க்கிழமை, அதே நிமிடம். மாடியில் நாற்காலி கிறீச்சிடும் ஓசை. யாரோ டீயை உறிஞ்சுகிறார்கள். அப்புறம் ஓர் இளைஞனின் குரல், பக்கத்து நாற்காலியிடம் சிரித்தபடி...

"இன்னொரு 'ஏங்க' மாப்ள. புருஷங்காரன் எங்க போய்த் தொலைஞ்சானோ."

டக்.

பச்சைப் பொத்தான்.

அவன் உட்கார்ந்தான்.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாகத் தெரியும்!

அவள் பேசியதை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். பதினோரு நிமிடம் வேண்டாம், ஒரு 'ஏங்க' போதும் என்றான்.

"அது அரசாங்கத்துச் சொத்து தம்பி. தொண்ணூறாவது நாள் அழிச்சிரணும்."

"என்னைக்கு?"

"இன்னைக்கு."

மேலே மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது.

ஸ்க்ரூடிரைவரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியேறினான். தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டான். கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

புருஷன்காரன் எங்கேயும் போய்த் தொலையவில்லை... காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டுதான் இருந்தான்!