சிவப்பு மோட்டார் சைக்கிளும் பேச்சாயியின் கண்ணும்

பேச்சாயிக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? அண்டா அண்டாவாகப் பொறாமை.

எல்லாம் பக்கத்து வீட்டு ராமுத்தாயின் மேல்தான். பக்கத்து வீடு என்றால் யாரோ எவரோ இல்லை, பெரியப்பா வீடு. பேச்சாயியின் அப்பா சுருளிவேல். அவருடைய அண்ணன் கண்ணுசாமி. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். கல்லைப் போட்டு ஏறி நின்றால் அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் பேச்சாயிக்குத் தெரியும்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் கிராமம். பேச்சாயியும் ராமுத்தாயும் ஒரே பள்ளி, ஒரே ஐந்தாம் வகுப்பு. கணக்கில் பேச்சாயிதான் கெட்டி. இதை ராமுத்தாயே ஒப்புக்கொள்வாள்.

பெரியப்பாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு இஞ்சின் பட்டறையில் வேலை. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின்களைக் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரர். தினமும் சைக்கிள் மிதித்துப் போய், சைக்கிள் மிதித்து வருவார். ஒருநாள் பழைய இரும்பு வியாபாரி நூர் முகமதுவிடம் ஒரு பட்டாளத்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். வாங்கிவிட்டார்.

அதை ஊருக்குக் கொண்டுவந்தது பேச்சாயியின் அப்பாதான், தன் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு.

"எங்க வண்டியில வந்த வண்டி!" என்று பேச்சாயி அன்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தப் பெருமை அன்றோடு சரி.

வந்தபோது அது பார்க்கச் சகிக்கவில்லை. உட்கார இடம் இல்லை. விளக்குக்குக் கண்ணாடி இல்லை. எங்கே தொட்டாலும் துரு.

"இதுக்கு நம்ம வீட்டு எருமை தேவலை" என்றாள் பெரியம்மா கருப்பம்மாள்.

பெரியப்பா சிரித்தார். முற்றத்தில் சாக்கை விரித்து, வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். வளைந்ததை நிமிர்த்தினார். ஓட்டையானதை மாற்றினார். பழைய லாரியிலிருந்து ஒரு ரப்பர் ஹாரன் வாங்கி மாட்டினார். அமுக்கினால் "பாம்... பாம்" என்று தெருக்கோடி வரை கேட்கும். கடைசியில் பட்டாளத்துப் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிளகாய்ப்பழச் சிவப்பில் பெயிண்ட் அடித்தார்.

அதோடு விட்டாரா? பின்னால் ராமுத்தாய்க்கென்று ஒரு குட்டி இருக்கை வைத்தார். ஆசாரி செய்த பலகை. அதன் மேல் தேங்காய் நார். அதற்கும் மேல் பளபளவென்று திண்டுக்கல் தோல்.

அந்த இருக்கைதான் பேச்சாயியின் வயிற்றை எரித்தது.

ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஆறாம் வகுப்புக்குத் திண்டுக்கல் போக வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. மாலையில் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதனால் ஊரில் எந்தப் பெண்ணும் ஐந்தைத் தாண்டியதில்லை. இப்போது ராமுத்தாய் தாண்டப் போகிறாள். முன்னால் அப்பா, பின்னால் மகள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பாம்... பாம்!

"அம்மா, பெரியப்பாகிட்ட நானும் வாரேன்னு கேக்கட்டா?"

"வாயை மூடுடி. அவுக வண்டி, அவுக பிள்ளை. ஒருநாளா ரெண்டு நாளா? தினமும் கூட்டிட்டுப் போங்கன்னு எந்த மொகத்தோட கேக்குறது? உனக்கு அஞ்சாவது போதும்னு அப்பாவும் சொல்லிட்டாக."

பேச்சாயி போய்க் கல்லின் மேல் ஏறி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராமுத்தாய் புது இருக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். 'இந்த வண்டி ஓடவே கூடாது' என்று பேச்சாயி நினைத்தாள். நன்றாக அழுத்தியே நினைத்தாள்.

வண்டியா கேட்கும்? பெரியப்பா செம்பட்டி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டார்கள். ராமுத்தாய் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து விளக்குக்கு, கைப்பிடிக்கு, சக்கரங்களுக்கு என்று பொட்டு வைத்தாள். பெட்ரோல் டேங்கின் மூடி வட்டமாக, நெற்றி போலவே இருந்தது. அதற்கு மட்டும் பெரிதாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அப்பாவும் மகளும் புறப்பட்டார்கள்.

செத்த நேரத்தில் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"ரோட்டுல நல்லாத்தான் போச்சு. திடீர்னு நின்னுருச்சு" என்றார் பெரியப்பா. மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு உதைத்தார். டுபுடுபு என்று உடனே கிளம்பியது! மறுபடி போனார். மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார்.

பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாக? எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ!"

பேச்சாயி கல்லிலிருந்து பொத்தென்று கீழே குதித்தாள். எந்தக் கண் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

'என் கண்ணுதான். ஐயையோ, என் கண்ணேதான்!'

பொறாமை போகமாட்டேன் என்றது. சரி, கண்ணையாவது மூடிக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். மறுநாள் பெரியப்பா வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். அப்படியே நடந்து மாட்டுத் தொட்டியில் முட்டிக்கொண்டாள்.

"ஏண்டி, கண்ணு தெரியாத ஆடு மாதிரி போய் முட்டுற?" என்றாள் அம்மா.

"கண்ணுல தூசிம்மா" என்றாள் பேச்சாயி.

இவ்வளவு பாடுபட்டும் வண்டி நின்றுதான் போனது. தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். பேச்சாயி சுவரோரம் கண்ணைப் பொத்தியபடியே நின்றாள். கண்ணை மூடியிருந்ததால் காது நன்றாகக் கேட்டது. பெரியப்பா பெட்ரோல் மூடியைத் திருகும் சத்தம். உடனே "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சீறல்.

பாம்போ என்று பயந்து கண்ணைத் திறந்தாள். பாம்பு இல்லை. பெரியப்பா வழக்கம்போல பெட்ரோலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைப் பொத்தியிருந்தும் வண்டி நின்றிருக்கிறது. அப்படியானால் நிறுத்தியது தன் கண் இல்லை! பேச்சாயிக்குப் பெரிய நிம்மதி. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும்தான்.

வண்டி நிற்க நிற்க, பெரியம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். ராமுத்தாயைக் கூப்பிட்டு, பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு வைக்கச் சொன்னாள். பெரியப்பா கார்புரேட்டரைக் கழற்றினார், மாட்டினார். பிளக்கைக் கழற்றினார், மாட்டினார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போதும்டா சாமி. நடுரோட்டுல நிக்கிற வண்டியில பிள்ளையை ஏத்திட்டுப் போக முடியாது. ஞாயித்துக்கிழமை நூர் முகமது பாய் வந்து எடுத்துக்கிரட்டும்."

பேச்சாயிக்குச் சந்தோஷம். அன்று கேப்பைக்கூழ் ஒரு கும்பா கூடுதலாகவே குடித்தாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. கல்லில் ஏறிப் பார்த்தாள். ராமுத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு இப்பச் சந்தோஷமா இருக்கும்ல?"

பேச்சாயி பொய் சொல்லவில்லை. "ஆமா" என்றாள்.

"இருடி, நல்லா இரு. நானும் ஆறாவது போகல. ரெண்டு பேரும் எருமை மேய்ப்போம்." ராமுத்தாய் மறுபடி அழுதாள்.

குடித்த கூழ் பேச்சாயியின் வயிற்றில் கனத்தது. இரண்டு பேரும் எருமைக்குப் பின்னால் நடப்பதை நினைத்துப் பார்த்தாள். தான் தனியாக நடப்பதைவிட அது ஒன்றும் நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா புது எண்ணெய் டின் ஒன்றை எடுத்தாள். ஆணியால் மூலையில் ஓர் ஓட்டை போட்டுத் தூக்குவாளியில் சாய்த்தாள். குபுக் என்று கொஞ்சம் வந்தது. பிறகு சொட்டு சொட்டாக வடிந்தது.

"என்னம்மா நீ! எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போடு. காத்து உள்ள போனாத்தானே எண்ணெய் வெளிய..."

பேச்சாயி வாயைத் திறந்தபடியே நின்றாள். அந்த "ஸ்ஸ்ஸ்..." காதில் கேட்டது. அது காற்றேதான்! டேங்குக்குள் போகக் காற்று தவித்துக்கொண்டு நின்றிருக்கிறது. மூடியைத் திறந்ததும் பாய்ந்து உள்ளே போயிருக்கிறது!

ஒரே ஓட்டம்.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் நூர் முகமது வந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். பேச்சாயியின் அப்பாவும் அங்கேதான் இருந்தார். பேச்சாயி யாரையும் பார்க்கவில்லை; பாயையே பார்த்துக்கொண்டிருந்த அவர்களும் அவளைக் கவனிக்கவில்லை. நேரே வண்டியிடம் போய், பெட்ரோல் மூடியில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடை அடையாகப் பெயர்ந்தது. அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குட்டி ஓட்டை. சந்தனம் அதில் கல்லாக இறுகிக் கிடந்தது.

கத்த வாயைத் திறந்தாள். 'எல்லாரும் பாருங்க! ராமுத்தாய் வச்ச பொட்டுதான் வண்டியை நிறுத்திருச்சு!'

ஆகா, சொன்னால் எப்படி இருக்கும்! பெரியம்மா ராமுத்தாயின் காதைத் திருகுவாள். தெருவே சிரிக்கும். நினைக்கவே வெல்லமாக இனித்தது.

ராமுத்தாய் வண்டியின் அந்தப் பக்கம் நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தோல் இருக்கையின் மேல் கை வைத்துக்கொண்டு, அதை எடுக்கவே மாட்டேன் என்பதுபோல நின்றாள்.

பேச்சாயி வாயை மூடிக்கொண்டாள். ராமுத்தாயின் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயையோ, பொட்டு வச்சது நானாச்சே! அப்பா தோலை உரிச்சுருவாக!"

"அதுக்குத்தான் மெதுவாச் சொல்றேன். நீயே போய், நீ கண்டுபிடிச்சதாச் சொல்லு. திட்டு விழாது." பேச்சாயி தன் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "ஓடு, பாய் வண்டியைத் தூக்கிரப் போறாரு!"

ராமுத்தாய் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா ஊக்கை வாங்கி ஓட்டையைக் குத்திவிட்டு, வாயால் ஊதிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, ஆயில் இஞ்சின் டேங்குல மூடியைச் சும்மா கவுத்துத்தானே வப்போம், காத்து தானாப் போகும்! இதுல இப்படி ஒரு ஓட்டை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே!"

வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனார். எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா வரவில்லை. நூர் முகமது இரண்டாவது செம்பு மோரையும் குடித்து முடித்தார். அப்போதும் வரவில்லை.

"தள்ளிட்டுத்தான் வாராக போல" என்று பெரியம்மா கண்ணைக் கசக்கினாள்.

பாம்... பாம்!

"செம்பட்டி போய்ட்டு வாரேன்! ஒரு இடத்துல நிக்கலையே!" என்று கத்திக்கொண்டே வந்து இறங்கினார் பெரியப்பா.

"எனக்கு மோர்தான் லாபம்" என்று சிரித்தார் நூர் முகமது.

பெரியப்பா ராமுத்தாயைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். "எம் மகளுக்கு என்னா மூளை பாருங்கய்யா! அம்புட்டும் மூளை!"

தெருவே கை தட்டியது. பேச்சாயிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. தானே தூக்கிக் கொடுத்ததுதான். அதற்காக எரியாமல் இருக்குமா? வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்பா, என்னைய இறக்கி விடுங்க." ராமுத்தாய் தானே குதித்து இறங்கிவிட்டாள். "கண்டுபிடிச்சது நான் இல்ல, பேச்சாயி. ஓட்டையை அடைச்சதுதான் நானு."

எல்லாரும் பேச்சாயியின் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் ஆத்தா, நீயே சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டார் பெரியப்பா.

"ராமுத்தாயைத் திட்டுவீங்க."

பெரியப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "சரி, உனக்கு என்ன வேணும்? ஹாரன் அடிக்கிறியா? ஒரு சுத்து வாரியா?"

அம்மா தங்கள் வீட்டுப் பக்கமிருந்து சுவருக்கு மேலாக எட்டிக் கண்ணை உருட்டினாள். பேச்சாயி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் சொன்னாள்.

"நானும் ஆறாவது படிக்கணும், பெரியப்பா. ஒருநாள் இல்ல. தினமும்."

அப்பா முன்னால் வந்தார். "சின்னப்பிள்ளை, தெரியாமப் பேசுது. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிராதீங்கண்ணே..."

"நீ சும்மா இருடா சுருளி." பெரியப்பா குனிந்து இருக்கைப் பலகையைச் சாணால் அளந்தார். பிறகு பேச்சாயியை மேலும் கீழும் பார்த்தார். "ஒல்லிப் பிள்ளைகதானே. பலகையை ஒரு சாண் நீட்டுனாப் போதும். மாட்டைப் பூட்டு. இப்பவே ஆசாரியைக் கூட்டிட்டு வருவோம்."

"நான்தான் முன்னால உக்காருவேன்!" என்றாள் ராமுத்தாய்.

"ஆசை, தோசை! மூடியைப் பாத்துக்கிறது யாரு? நான்தான் முன்னால!" என்றாள் பேச்சாயி.

அப்பா மாட்டைப் பூட்டி முடிப்பதற்குள், தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரையும் பிரித்துவிட நூர் முகமது பாய்தான் எழுந்து வர வேண்டியிருந்தது.