ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, நித்யஸ்ரீ

"மைனஸ் ஒன்னு."

ஒரு பெண்ணை முதன்முதலாகப் பார்த்ததும் ஓர் ஆண் உதிர்க்கக்கூடிய சொற்களில் இதைவிட மட்டமானது உண்டா என்று ஜெயப்பிரகாஷ் பிற்பாடு வெகுநேரம் யோசித்தான்... கிடைக்கவில்லை.

தப்பு அவனுடையதல்ல, செல்போனுடையது. பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்தில், வெளியே வந்துவிட்ட சீட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனால் ஜெயிக்கலாம் என்று ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் சொல்லிக்கொடுத்திருந்தான். இரண்டு முதல் ஆறு வரை சின்னச் சீட்டு, ப்ளஸ் ஒன்று. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தால் மைனஸ் ஒன்று. முழுச் சீட்டுக்கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யம் வர வேண்டும். நம் ஆளுக்கு ப்ளஸ் ஐந்து வந்திருக்கிறது, மைனஸ் ஏழு வந்திருக்கிறது, சில சமயம் தூக்கம் வந்திருக்கிறது. பூஜ்யம் மட்டும் வந்ததில்லை. இந்த லட்சணத்தில், கூட வேலை பார்க்கும் தோஸ்த் யாசிரோடு கோவாவுக்குப் போய்ச் சூதாட்டக் கப்பலில் உட்கார்ந்து ஆடுவதாகத் திட்டம்.

ஆகவே பயிற்சி. குடியாத்தத்தில் காலை பாசஞ்சரின் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிறவர்களையே சீட்டாக்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். டிபன் பையோடு வந்தால் ப்ளஸ் ஒன்று. வெறுங்கை, பூஜ்யம். லுங்கி மூட்டை தூக்கி வந்தால் மைனஸ் ஒன்று.

அப்போதுதான் மழையோடு மழையாக அவள் ஏறினாள். துப்பட்டாவே முக்காடு. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்கள் இடம் தேடி ஒரு சுற்றுச் சுற்றி, அவன் மேல் வந்து ஒரு நொடி தங்கின... எண்ணிக்கை போயிற்று. வாய் மட்டும் தானாகப் பேசியது, மேலே கண்டபடி.

"இன்னாங்க சொன்னீங்க?"

"ஒ... ஒன்னுமில்லீங்க."

"காதுல விழுந்துச்சு. ஏறுறவங்களுக்கு மார்க் போடுறீங்களா?"

"இல்லீங்க, அது ஒரு கணக்கு..."

"எனக்கு முன்னாடி ஏறின அண்ணனுக்கு ப்ளஸ் ஒன்னு. அவரு இன்னும் பல்லே வெளக்கல. எனக்கு மைனஸா?"

பெட்டியே சிரித்தது. அப்போதே விளக்கியிருக்கலாம். ஆனால் எதிர் சீட்டில் அவன் தெரு சுந்தரி அக்கா. வீட்டிலும் இவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, மகன் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சீட்டாட்டம் என்று எப்படிச் சொல்வது? மானம் பெரிது. வாயை மூடிக்கொண்டான்.

அவள், நித்யஸ்ரீ, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தோலில் எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அன்று அந்த வேலையை ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டாள். வேறொரு கம்பெனியில் தோல் வெட்டும் ஜெயப்பிரகாஷ், முதுகில் சிவப்பு அம்போடு மத்தியானம் வரை நடமாடினான்.

"யார்ரா உன்ன ரிஜெக்ட் பண்ணது?" என்று யாசிர் உரித்துக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதைத் தூக்கிப் போடாமல் ஐடி கார்டின் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டான்... அங்கேயே ஆள் அவுட்.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பெட்டியில் ஏறவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவன், மானத்தைக் குடியாத்தம் பிளாட்பாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, அவள் பெட்டிக்குப் போய் சீட்டுக்கட்டை நீட்டினான். டிபன் பை, மூட்டை, கோவா... எல்லாவற்றையும் கொட்டினான்.

"மைனஸ்னா மட்டம்னு இல்லீங்க. பெரிய சீட்டுக்குத்தான் மைனஸ். அது போய்ட்டா, கட்டுல மிச்சம் இருக்கிறதுக்கு மதிப்பு கம்மி. அதான்."

"எங்க லைன்ல மைனஸ்னா ரிஜெக்ட்."

"தெரியும். முதுகுல போட்டுனு சுத்தினேன்."

உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. கட்டை வாங்கிக்கொண்டு போனவள், மறுநாள் காலை திருப்பிக் கொடுத்தாள்.

"எண்ணுங்க. இன்னா வந்துச்சுன்னு சாயங்காலம் சொல்லுங்க. சரியா சொன்னா பேசலாம். தப்பா சொன்னா நான் நாளையிலருந்து கம்பெனி பஸ்ல போய்க்கறேன். அதுல மார்க் போட யாரும் இல்ல."

மத்தியானம் கேண்டீனில் எண்ணினான். ப்ளஸ் ஒன்று.

"ஏழுலருந்து ஒன்னுக்கு வந்துட்ட. பரவால்ல," என்றான் யாசிர்.

மறுபடி எண்ணினான். ப்ளஸ் ஒன்று. கலைத்துப் போட்டு எண்ணினான். அதே ப்ளஸ் ஒன்று.

"பூஜ்யம்னு சொல்லிட்றா. அதானே விடை? அவ இன்னா பக்கத்துல நின்னா பாத்தா?"

சொல்லிவிடலாம்தான்... என்று கட்டை அதன் டப்பாவில் போடப் போனவன் நின்றான். டப்பாவின் அடியில் ஒரு சிவப்பு அம்பு.

தோல்காரனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? அம்பு ஒட்டியிருந்தால் குறை பீஸில். பார்க்கிறவனிடம் இல்லை. அவன் தப்பாக எண்ணினால் தடவைக்கு ஒரு விடை வரும். இதுவோ அசையவே இல்லை. ஐம்பத்திரண்டு சீட்டு இருக்கிறதா என்று எண்ணியிருந்தாலே போதும்... அவ்வளவு சுலபமான வழி தோன்றுகிற ஆளாக இருந்தால் அவனுக்கு ஏன் ஒரு கதை?

சாயங்காலம் ஆம்பூர் பிளாட்பாரத்தில் மறுபடி மழை.

"இன்னா வந்துச்சு?"

"ப்ளஸ் ஒன்னு."

"பூஜ்யம் வரணும்னீங்களே."

"வரணும்... ஆனா என் கணக்கு சரி. கட்டுலதான் கொற. ஒரு பெரிய சீட்டு இல்ல. அது உங்ககிட்ட இருக்கு." வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் எண்ணிக்கையை நம்பினான். குரல்தான் அவனை நம்பாமல் நடுங்கியது.

"எந்தச் சீட்டு?"

"அத கணக்கு சொல்லாது." குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துவிட்டான். "ராணி."

அவள் செல்போன் உறையைக் கழற்றி உள்ளேயிருந்து உருவினாள். சிவப்பு இதயம் போட்ட ஆர்ட்டின் ராஜா.

"அது மட்டும் தப்பு. ராணிய நான் எதுக்கு எடுக்கணும்? அதான் நான் இருக்கேனே..."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு, ராஜாவை மறுபடி உறைக்குள் செருகிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. ஐம்பத்தோரு சீட்டோடு கோவாவாவது, கப்பலாவது.

ரயில் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். அவன் நின்றான்.

"ஒன்னு கேக்கட்டுமா? டிபன் பைக்கு ப்ளஸ், மூட்டைக்குத்தான் மைனஸ்னு சொன்னீங்க. அன்னிக்கு என் கையில டிபன் பைதானே இருந்துச்சு?"

"இருந்திருக்கும்."

"அப்ப ஏன் மைனஸ்?"

பச்சகுப்பம் தாண்டியது. அடுத்த ஸ்டேஷன் மேல்பட்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்...

"நான் பையப் பாக்கலீங்க."

அவள் சட்டென்று மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் மட்டும் சிவந்து தெரிந்தது. பிறகு, திரும்பாமலே, டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.