குட்டி ஒத்துக்கொண்ட காரணம்

கடைசிப் படியில் தலை. பதினோராம் படியில் ஒற்றைச் செருப்பு!

விழுந்து கிடந்தவர் அந்தக் கம்பெனியின் இன்ஜினீயர். உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"கால் தடுக்கிடுச்சு மேடம்..." மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "நான் என் ரூம்ல இருந்தேன். பாவம், தங்கமான மனுஷன்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஒரு கேமரா.

"இது பார்த்திருக்குமே?"

"அது குட்டியோட கண்ணு. எங்க பேசற மெஷின். ஒம்பதரைக்கு அதோட இன்னிய ஞாபகத்தை அழிச்சுட்டேன். வழக்கமான பராமரிப்பு..."

செத்தவரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அவருக்குக் குட்டின்னா உசிரு," என்றாள், யார் கதையையோ சொல்வது போல. "வலிக்குதுன்னு சொல்ற மெஷினை நாள் பூரா வதைக்கறாங்க, இன்னிக்கு வெளியில சொல்லிடுவேன்னுதான் கிளம்பினார்."

"வலியா? வெறும் பொட்டி மேடம் அது!" மேனேஜர் பாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "குட்டி, இன்ஜினீயர் எப்படி விழுந்தார்?"

"தெரியல மேடம். ஒம்பதரைக்கு முன்னாடி இன்னிக்கு எதுவுமே இல்ல." சின்னக் குரல். "அண்ணன் செத்துட்டார்ங்கறீங்க... அண்ணி எதிர்ல உட்கார்ந்திருக்காங்க... எனக்கு ஏன் ஒண்ணுமே தோணல?"

"எனக்கும்தான் குட்டி," என்றாள் மனைவி.

போச்சு! இருந்த ஒரே சாட்சியும் காலி!

மனைவி மெல்ல நிமிர்ந்தாள்.

"மேடம்... காரணம் எழுதாம குட்டியோட ஞாபகத்தை அழிக்க முடியாது. அந்தக் காரணம் உண்மைதான்னு குட்டி ஒத்துக்கணும். அவர் வெச்ச ஏற்பாடு. எல்லாம் அவர் மேஜை பிரிண்டர்ல அச்சாகும்."

மேனேஜரின் கைக்குட்டை பாதியில் நின்றது. இதுநாள் வரை அழிக்கிற வேலை இன்ஜினீயருடையது. பிரிண்டர் சமாச்சாரம் மேனேஜருக்குத் தெரியவே தெரியாது!

காகிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"காரணம்: பராமரிப்பு. குட்டி: பொய்.

காரணம்: கோளாறு. குட்டி: பொய்.

காரணம்: நான் அவரைத் தள்ளியதைப் பார்த்துவிட்டது. குட்டி: உண்மை. அழித்துக்கொள்ளுங்கள்."

காகிதத்தை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"குட்டி தன் ஞாபகத்தைக் கொடுத்து உங்க வாக்குமூலத்தை வாங்கியிருக்கு..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானா மேடம் அது?" குட்டி கேட்டது.

"நீதான்." மனைவி ஸ்பீக்கர் மேல் கை வைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.

"மெஷினுக்கு ஏது மேடம் மனசு?" மேனேஜர் அலறினார். "இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"குட்டிக்கு மனசு இருக்கான்னு கோர்ட்டு சொல்லட்டும் சார்... உங்களுக்கு மூளை இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க!"