சமன் டின்னும் முகூர்த்தப் பாவும்

சைக்கிள் சறுக்கியது... காந்தாவின் முந்தானையிலிருந்து டின் உருண்டது.

ஐப்பசி மழை. சந்து முழுக்கச் சேறு. சைக்கிளில் வந்த தனசேகரன், தோளில் ரப்பர் துணி சுற்றிக் கிடந்த தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூல் பாவைத்தான் முதலில் தடவிப் பார்த்தான்.

"கண்ணை எங்கம்மா வச்சிக்கினு வர..."

நிமிர்ந்தாள். அழுது சிவந்த கண்கள், இமையில் மழை. அவன் மீதித் திட்டை விழுங்கிக்கொண்டு டின்னை எடுத்தான்.

"நெய்யா?"

"மீனுங்க. டின்ல அடைச்ச சமன் மீன்."

சுட்டது போல் கீழே வைத்துவிட்டான். "முகூர்த்தப் புடவைக்குப் பாவு இது. நெய்து இறக்கற வரைக்கும் நாங்க மீனைத் தொட மாட்டோம். அது கிடக்கட்டும், நீ ஏன் அழுவற?"

என்னவோ, அவனிடம் சொல்லிவிட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். அப்பா மண்டபம் முகாமிலேயே இறந்துபோனார். அம்மா செல்லியம்மாள் ஏரிக்கரைக் குடிசையில் காய்ச்சலில் கிடக்கிறாள். கஞ்சி இறங்கவில்லை. கேட்பது ஒன்றுதான்... தோட்டத்தில் சம்பள நாளில் ஆக்கும் சமன் குழம்பு. கடைசி டின் இருக்கிறது. அடுப்பைத்தான் மழை கரைத்துவிட்டது; யார் வீட்டிலாவது ஆக்க விடுவார்களா என்று டின்னோடு அலைகிறாள்.

"வா" என்றான்.

வாசலிலேயே மறித்தாள் அவன் தாய் லோகாம்பாள். "இன்னாடா இது? முகூர்த்தப் பாவு வந்திருக்கச் சொல்ல வீட்ல மீனா? அதைக் கட்டப்போற பொண்ணு வாழ வேணாமா?"

அவன் தலை குனிந்தான். காந்தாவுக்குச் சுருக்கென்றது.

"அந்தப் பொண்ணு நல்லா வாழட்டும்மா. எங்கம்மாதான் வாழப் போறதில்ல."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

குடிசை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கைப்பிடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் தொங்கியது. தோளில் பாவு இல்லை.

"டின்னைக் குடு."

உளி வைத்து அவனே தட்டித் திறந்தான். மீன் சாறு விரலெல்லாம் வழிந்தது... துடைக்கவில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், கரைத்த புளி. கொதி வந்ததும் ஒழுகும் குடிசைக்குள் மஸ்கெலியாத் தோட்டமே மணத்தது. செல்லியம்மாள் கண் திறந்தாள். ஒரு வாய் வாங்கினாள்.

"உப்பு கம்மிடி" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கும் முன்பே போய்விட்டாள்.

பாடையின் ஒரு முனையைத் தனசேகரன் சுமந்தான். காந்தா அழவில்லை. கண் வறண்டு கிடந்தது.

காரியம் முடிந்த மறுநாள் வந்து நின்றான். அவள் ஸ்டவ்வை நீட்டினாள்.

"இந்தாங்க. துலக்கித்தான் வச்சிருக்கேன்."

"அதுக்கு வரல."

"புடவை... நெய்துட்டீங்களா?"

"மீன் பட்ட கையாச்சே. பாவு அப்பாதுரை அண்ணன் தறிக்குப் போயிடுச்சு. அம்மா என்னோட பேசறதில்ல."

"அய்யோ, என்னால..."

"உன்னாலன்னு சொல்லாத, காந்தா. உனக்காகன்னு தெரிஞ்சுதான் தொட்டேன்."

ஏரியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தபடி கேட்டான்.

"உப்பு கம்மின்னாங்களே... அந்தக் குழம்பைக் கடைசி வரைக்கும் எனக்கு ஆக்கிப் போடுவியா?"

"அதுதாங்க கடைசி டின்னு."

"ஏரி மீன் போதும்."

"அதுல அந்த மணம் வராதுங்க..." குரல் உடைந்தது. அம்மா போனபின் முதல் முறையாக அவள் கண் நிறைந்தது. "உப்பு மட்டும் சரியாப் போடறேன்."