முதல் இடத்துக்கு இரண்டு பேர்

படக்கென்று விரிந்த ஒரு குடை, ஜெயப்ரியாவின் கையிலிருந்த ஃபைலைத் தட்டிவிட்டது.

பொத்தேரி ரயில் நிலையம். 2008 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை. கால்மணி நேரம் முன்புவரை வெயில் கொளுத்திய வானம், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டத் தொடங்கியிருந்தது. நாள் முழுக்க விடுதி விடுதியாக ஏறி இறங்கி அவள் வாங்கிய பதினேழு படிவங்களும் பிளாட்பாரத்தில் சிதறின.

“கண்ணு தெரியலையா சார்?”

“ஸாரிங்க... குடை விரிக்கும்போது கண்ணை மூடிக்குவேன். சின்ன வயசுப் பழக்கம்.”

திட்ட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். அவன் மண்டியிட்டுக் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் காகிதங்களுக்குப் பிடித்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்தது. படிவங்களின் ஓரங்கள் மட்டும்தான் லேசாக நனைந்தன. நிமிர்ந்தபோது இமையில் ஒரு துளி தொங்க, சிரிக்கலாமா என்று அனுமதி கேட்டன அந்தக் கண்கள்...

அவளே முதலில் சிரித்துவிட்டாள்.

ரயில் வந்தது. மகளிர் பெட்டி தொலைவில் நிற்க, எதிரே வந்த பெட்டியில் இருவரும் தாவி ஏறினார்கள். ஜன்னலோரம், எதிரெதிரே.

“ஹாஸ்டல் ஃபார்ம் மாதிரி இருக்கே... என்ன வேலைங்க உங்களுக்கு?”

“சண்டை போடற வேலை” என்றாள். “‘என் கூடு’ன்னு ஒரு வெப்சைட். வெளியூர்லேர்ந்து இங்க படிக்க வர்ற பசங்களுக்கு ரூம் பிடிச்சுக் கொடுக்கறோம். அதுக்கு இன்டர்நெட்ல விளம்பரம் போடறது நான்.”

“அதுல எங்கேங்க சண்டை?”

“பொத்தேரி ரூம்னு யாராவது தேடினா விளம்பரம் வருதில்ல? ஒரு கிளிக்குக்கு யார் அதிகமா தர்றேன்னு சொல்றாங்களோ, அவங்கதான் மேல வருவாங்க. ஏலம் மாதிரி. ‘ரூம் சாவி’ன்னு எனக்கு ஒரு எதிரி இருக்கான். காலையில நான் முதல் இடத்துல இருப்பேன். கரெக்டா பத்து மணிக்கு வந்து என் தலைமேல ஏறி உக்காந்துப்பான்.”

அவன் ஏனோ இருமினான்.

“அவன்னு எப்படி முடிவு பண்ணீங்க? பொண்ணா இருக்கலாமே?”

“பொண்ணா இருந்தா யோசிப்பா. இவன் பணத்தைக் கொட்டறான், அவ்வளவுதான்.” அவள் குரல் சற்றே தணிந்தது. “இந்த மாசத்துக்குள்ள நூறு பேராவது பதிவு பண்ணலைன்னா விளம்பரமே வேண்டாம்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. விளம்பரம் இல்லைன்னா எனக்கு அங்க என்ன வேலை? ஆனா பாருங்க... நான் அவனை ஜெயிச்சுக் காட்டறேன்.”

ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் மழைக்குள் கரைந்து போயின. தாம்பரத்தில் அவன் இறங்க எழுந்தபோது அவள் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தாள். குரோம்பேட்டை ஆபீஸ் முகவரியைப் படித்தவனின் முகத்தில் சிரிப்பு மெல்ல மறைந்தது.

“மிஸ் ஜெயப்ரியா... நான் வந்து...”

இறங்குகிற கூட்டம் அவனை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தபோது ரயில் சானடோரியத்தைத் தாண்டியிருந்தது...

மறுநாள் பத்து மணிக்கு எதிரி வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காவது நாள், முதலாளி சுப்ரமணியன் அவள் மேசைக்கே வந்தார். “பலேம்மா! ஆளையே காணாம அடிச்சிட்டியே!”

பாராட்டு இனிக்கவில்லை. நான் எதுவுமே செய்யவில்லையே... பிறகு எப்படி? ‘ரூம் சாவி’யின் தொடர்புப் பக்கத்தைத் திறந்தாள். அருண்ராஜ், முடிச்சூர் ரோடு, மேற்குத் தாம்பரம். கூடவே ஒரு சின்னப் புகைப்படம்.

அதே கண்கள்.

நெஞ்சுக்குள் முதலில் ஒரு படபடப்பு. அடுத்த நொடியே சுள்ளென்று கோபம்.

மதியம் இரண்டு மணிக்கு அந்த முகவரியிலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நின்றாள். கதவைத் திறந்தவன் அருண்ராஜின் கூட்டாளி மகேஷ்.

“இன்னா மேடம், ரூம் வேணுமா?”

“உங்க பார்ட்னர் வேணும்.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அருண்ராஜ் நாற்காலி உருள எழுந்தான்.

“விளம்பரத்தை ஏன் எடுத்தீங்க?”

“நல்லா கேளுங்க மேடம்!” என்றான் மகேஷ். “நாலு நாளா ஒரு போன் கீதா? எயவு, ஈ ஓட்டிகினு கீறோம். கேட்டா பதிலே சொல்ல மாட்றான்.”

“மகேஷ், நீ டீ குடிச்சிட்டு வா” என்று அவனை அனுப்பிவிட்டு அருண்ராஜ் தயங்கினான். “அன்னைக்கே சொல்ல வந்தேன், முடியல. அதுக்கப்புறம் ஏலத்தை ஏத்தலாம்னு உக்காந்தா... உங்க முகம் வருது. உங்க வேலை போயிடுமேன்னு...”

“பாவம் பாத்தீங்களா?”

“அப்படி இல்லைங்க...”

“அப்படித்தான். செய்யாத காரியத்துக்கு இன்னைக்கு எங்க சார்கிட்ட நான் பாராட்டு வாங்கினேன். எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா?” கண்ணோரம் கசிந்ததைத் துடைக்காமல் நேராகப் பார்த்தாள். “நாளைக்குப் பத்து மணிக்கு உங்க விளம்பரம் அங்க இருக்கணும். ஒளிஞ்சு நின்னு விட்டுக்கொடுக்கற ஆள் எனக்கு எதிரியாவும் வேண்டாம்... வேற எதுவாவும் வேண்டாம்.”

அந்த ‘வேற எதுவாவும்’ எப்படி வாயில் வந்தது? அவளுக்கே தெரியவில்லை. விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு ‘ரூம் சாவி’ முதல் இடத்தில் இருந்தது. முழு பலத்தோடு. அவளும் ஏலத்தை ஏற்றினாள், அவனும் ஏற்றினான். அன்றைக்கு ஒதுக்கிய பணம் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோனது.

ஏற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அதுவரை பதிவு செய்த முப்பத்தெட்டுப் பேரின் தொலைபேசி எண்களை வரிசையாகப் பார்த்தாள். குண்டூர், பாட்னா, கோட்டயம்... ஒன்றிரண்டு எண்களுக்குப் பேசினாள். எடுத்தவர்கள் யாரும் மாணவர்கள் இல்லை. அப்பாக்கள்! பிள்ளையை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பப் போகிற கவலையில், ஆபீஸ் விட்டு வந்து தேடிக்கொண்டிருக்கும் அப்பாக்கள்.

அவர்களுக்கு வாடகை குறைவு என்று சொல்லி என்ன பயன்?

இரண்டு நாள் கேமராவோடு பொத்தேரியைச் சுற்றினாள். கட்டிலை, குளியலறையை, கதவின் தாழ்ப்பாளைக்கூடப் படமெடுத்தாள். வார்டன்களின் எண்களை வாங்கினாள். விளம்பரத்தைப் புதிதாக எழுதினாள்: ‘உங்கள் பிள்ளை தங்கப்போகும் அறையை இன்றே பாருங்கள். வார்டனிடம் பேசுங்கள்.’ சென்னையை விட்டுவிட்டு, அந்தத் தொலைதூர ஊர்களில் மட்டும், மாலை ஆறு மணிக்கு மேல் வரும்படி வைத்தாள். அங்கே அவளோடு போட்டி போட ஆளே இல்லை.

இருபத்தாறாம் தேதி கணக்கு நூற்று நாற்பத்து மூன்றைத் தொட்டது. சுப்ரமணியன் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இந்தமுறை இனித்தது.

மாலையில் போன் வந்தது.

“இங்க முதல் இடத்துல நான்தாங்க இருக்கேன்” என்றான் அருண்ராஜ். “ஆனா எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும், உங்க மூலமா ரூம் நிரம்பிடுச்சுன்னு சொல்றாங்க. எப்படிங்க?”

“தொழில் ரகசியம்.”

“தோத்துட்டேன்.”

“தெரியும்.”

“சந்தோஷமா இருக்குங்க.”

“ஜெயிச்ச எனக்கு சந்தோஷம், சரி. உங்களுக்கு எதுக்கு?”

“அதை நேர்ல சொல்லட்டுமா?”

ஜூலை முதல் ஞாயிறு. கல்லூரி திறக்க ஒருநாள் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெட்டியும் பக்கெட்டுமாகக் குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. குண்டூரிலிருந்து வந்த ஒரு அப்பா, “போட்டோல பாத்த ரூமேதான்மா!” என்று தெலுங்கில் சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொண்டே வந்த அருண்ராஜின் கண்களில் பெருமை ததும்பியது... தானே ஜெயித்ததைப் போல.

ஜூஸ் கடை நிழலில் நின்றார்கள். லேசாகத் தூறியது.

“ரெண்டு சைட்டையும் ஒண்ணா சேத்துடலாம்னு மகேஷ் சொல்றான்” என்று ஆரம்பித்தான்.

“சைட்டைச் சேக்கறதுன்னா சுப்ரமணியன் சாரைப் பாருங்க.”

“சரிங்க... அப்புறம்?”

“வேற எதையாவது சேக்கறதுன்னா என்கிட்டதான் கேக்கணும். மகேஷ் சொன்னான்னு இல்லாம... உங்க வாயால.”

அவன் காது சிவந்தது. ஆனால் கண்கள் இந்தமுறை அனுமதி கேட்கவில்லை.

“ஜெயப்ரியா, எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. பாவம் பாத்து இல்ல. என் ஆபீசுக்கே வந்து என்னைத் திட்டினியே... அன்னைக்குத்தான் புரிஞ்சுது, இந்தப் பொண்ணு எதிர்ல இருந்தாலும் சரி, பக்கத்துல இருந்தாலும் சரி, நான் ஒழுங்கா வாழ்வேன்னு. பக்கத்துல இருந்தா... இன்னும் நல்லா இருக்கும்.”

தூறல் வலுத்தது. அவள் தலை குனியவில்லை. முகமெல்லாம் சிவக்க, அவனையே பார்த்தாள்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. அந்த மாடியிலேர்ந்து இறங்கறப்பவே தெரியும்.”

“அடிப்பாவி! அப்புறம் ஏன் ஒரு மாசமா சொல்லல?”

“முதல்ல ஜெயிச்சுக்கறேன்னு இருந்தேன்” என்றாள் ஜெயப்ரியா.